விசிலுக்கு முந்தைய இரண்டு நொடி

இந்த ஆண்டு ஐஸ் ஹாக்கி நடுவர் பட்டியலில் நான்கு தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு பேர்! நான் விசில் பிடித்த பதினோரு வருடத்தில், துபாயிலிருந்து குவைத் வரை நான் போன எந்தப் பனித்தளத்திலும், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்குள் என்னைத் தவிர இன்னும் ஒரே ஒரு தமிழ் ஆளைத்தான் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

உங்கள் நான்கு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியும். பரீட்சை எழுதித் தேறித்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் தொடை எரியும்போதும், மூச்சு முட்டும்போதும், அரங்கமே எழுந்து நின்று உங்களைப் பார்த்துக் கத்தும்போதும் தலைக்குள் என்ன நடக்கும் என்பது விதிப் புத்தகத்தில் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பெருமை சேர்க்காத பகுதிகளையும் விடாமல் சொல்கிறேன்.

நான் ஐஸை முதன்முதலில் பார்த்தது கீழேயிருந்துதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஏசி மெக்கானிக்காக துபாய் வந்தவன். கம்பெனி என்னை ஒரு ஐஸ் ரிங்கின், அதாவது செயற்கைப் பனித்தளத்தின், சில்லர் பிளான்ட்டில் டூட்டி போட்டது. தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள், பம்ப், பிரஷர் மீட்டர், இவைதான் என் உலகம். தலைக்கு மேலே சரக் சரக்கென்று சத்தம் கேட்கும். ஒரு நாள் மதிய இடைவேளையில் மேலே போய்ப் பார்த்தேன். ஆட்கள் பறந்துகொண்டிருந்தார்கள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே என் மூச்சு புகையாகப் போகிறது, கண்ணெதிரே ஆட்கள் பறக்கிறார்கள்! அன்றைக்கே வாடகை ஸ்கேட்டை மாட்டினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணவில்லை. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது.

இரண்டு வருடத்தில் ஓரளவு ஓடப் பழகிவிட்டேன். விளையாட்டின் மேல் பைத்தியம். வெள்ளிக்கிழமை லீக் ஆட்டங்களில் நடுவருக்கு எப்போதும் பஞ்சம். விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மெக்கானிக் ஒருவன் ரிங்கிலேயே இருக்கிறான் என்று யாரோ சொல்ல, முதலில் கோட்டு நடுவராக, அப்புறம் தலைமை நடுவராக நிற்க ஆரம்பித்தேன். கை உயர்த்துவதிலும் விசில் ஊதுவதிலும் எனக்கு இருந்த மிடுக்கைப் பார்த்தால், பிறந்ததே ஐஸில்தான் என்று நினைப்பீர்கள்.

ஆனால் என் காலில் ஒரு ரகசியம் இருந்தது. வேகமாக வந்து பனித்தூள் தெறிக்க நிற்போமே, அந்த நிறுத்தம் எனக்கு வலது பக்கம் திரும்பித்தான் வரும். இடது பக்கம் வராது. இடது பக்கம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் அடித்துத் திரும்புவேன். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்த வட்டத்தில் ஒரு நொடி என் முதுகு ஆட்டத்தைப் பார்க்கும். அவ்வளவுதானே, ஒரு நொடிதானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு அரையிறுதி ஆட்டம். கடைசி நிமிடங்கள். நீல அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. அவர்கள் ஆள் ஒருவன் மூலையிலிருந்து பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, அடிக்கிறான். நான் கோல் கோட்டை நோக்கிப் பாய்கிறேன். இடது பக்கம் நிற்க வேண்டிய இடம். வட்டம் அடித்தேன். டங்கென்று கம்பியில் பட்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், பக் வெளியே உருண்டுகொண்டிருக்கிறது. நீலச் சட்டைகள் எல்லாம் கையை உயர்த்திக் கத்துகின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தேன். கோல் இல்லை. சந்தேகமே இல்லாதவன் மாதிரி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை விரித்தேன்.

ஆட்டம் முடிந்தது. நீல அணி வெளியேறியது. நான் ஸ்கேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஜெயித்த அணியின் கோல்கீப்பர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெஷாவர்க்காரர். மெதுவாகச் சொன்னார். "பாய், அது உள்ளே போச்சு. உள் கம்பியில பட்டுத் திரும்பிச்சு. என்கிட்ட யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. மனசு கேக்கலை, அதான் வந்தேன்." அவர் எழுந்து போய்விட்டார். நான் ஒரு காலில் ஸ்கேட்டோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் நான் சொன்ன அந்த இன்னொரு தமிழ் ஆள். முன்பு நடுவராக நின்றவர், அப்போது எங்கள் நடுவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது டொராண்டோவில், துபாயில் எஞ்சினியர் வேலை. என்னைவிட எட்டு வயது இளையவர். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அது அவருக்குப் பிடிக்காது.

"அண்ணா, அந்த கோலை நீங்கள் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"கம்பியில பட்ட சத்தம் கேட்டுச்சு மேடம்."

"சத்தம் கேட்டதோ எண்டு நான் கேக்கேல்லை. பாத்தனீங்களோ?"

"பாக்கல."

"பிறகு ஏன் கையை விரிச்சனீங்கள்? தெரியேல்லை எண்டால் கோட்டு நடுவரிட்டப் போய்க் கேக்கலாம்தானே. நீங்கள் காணாததைக் கண்ட மாதிரிக் கையால பொய் சொன்னீங்கள்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நொடியே அவர் குரல் மாறியது. "காலால வந்த பொய் அது. கால் ஒழுங்கா நிண்டிருந்தால் கண் பாத்திருக்கும். கண் பாத்திருந்தால் கை பொய் சொல்லியிராது. நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ. நாலு மாசம் உங்களுக்கு ஆட்டம் கிடையாது."

மறுநாள் நான்கு மணிக்குப் போனேன். ரிங்கின் ஒரு ஓரத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். மேடம் என்னை அந்த வரிசையின் கடைசியில் நிறுத்தினார். முப்பத்தேழு வயது ஆள், ஊதா நிறக் கூம்புகளுக்கு நடுவே! இடது பக்கம் மட்டும்தான் நிற்க வேண்டும். வலது பக்கம் நின்றால் கணக்கில் இல்லை, மறுபடியும் முதலிலிருந்து. முதல் நாள் முழுக்க இடது இடுப்பில் விழுந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் இரண்டாவது வாரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், பெண்ட் யுவர் நீஸ்" என்றாள். முட்டியை மடக்கினேன். நின்றது! பனித்தூள் தெறித்தது! அந்தப் பதினைந்து பிள்ளைகளும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதில்லை.

அதற்கப்புறம் பின்னோக்கி ஓடுவது. அதுதான் நடுவரின் உயிர். முதுகைக் காட்டி முன்னால் ஓடினால் வேகம் வரும், ஆனால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் உங்களை நோக்கி வரும்போது அதே வேகத்தில் பின்னால் போகத் தெரிந்தால் மொத்த ரிங்கும் உங்கள் கண்முன் விரிந்து கிடக்கும். தலையை மட்டும் குனியக் கூடாது. நான் குனிந்தபோதெல்லாம் மேடம் ஓரத்தில் நின்று விரல்களைக் காட்டி, "எத்தினை விரல்?" என்று கத்துவார்.

உடல் பயிற்சியை அவர் ரிங்கில் வைக்கவில்லை. "உங்கட கேம்ப்பில படி இருக்குதோ?" என்று கேட்டார். துபாயின் அல் கூஸ் பகுதியில், தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப் கட்டடத்துக்கு நாலு மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. "படியில ஏறி ஓடுங்கோ. உச்சியில போய் நிண்ட உடனே ஆராவது உங்களிட்ட ஒரு வழக்கைச் சொல்லோணும். பத்து செக்கண்டில தீர்ப்பு. இறங்கிப் போய்த் திரும்ப ஏறுங்கோ. வெறும் மூச்சுப் பயிற்சியால ஒரு பிரயோசனமும் இல்லை. களைச்சுப் போன தலை எப்பிடி யோசிக்கும் எண்டதைத்தான் பழக்கோணும்."

வழக்கு சொல்ல ஆள் தேடினேன். என் ரூம்மேட் ஜமால், கீழக்கரைக்காரன், கிரேன் ஓட்டுகிறவன், உற்சாகமாகக் கிளம்பிவிட்டான். கற்பனை வழக்கு ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. பிறகு அவன் கேம்ப்பில் நிஜமாகவே சண்டை போட்டவர்களைக் கூட்டிவந்து நாலாவது மாடியில் நிறுத்த ஆரம்பித்தான்! காலை டூட்டி பஸ் வருவதற்கு முன்னால், நான் நாக்கு தள்ளி மேலே வந்து நிற்பேன். அங்கே பஞ்சாபி டிரைவரும் நேபாளி வாட்ச்மேனும் துணி காயப்போடும் கயிற்றுக்காக முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

"பெஹ்லே மே ஆயா!" நான்தான் முதலில் வந்தேன் என்பார் ஒருவர்.

"நஹி பாய், பெஹ்லே மே!" என்பார் மற்றவர்.

"பத்து, ஒம்போது, எட்டு... தீர்ப்பைச் சொல்லு மச்சான்!" என்று ஜமால் ஃபோனைப் பார்த்துக் கத்துவான்.

நான் ஒரு ஆளைக் காட்டிவிட்டு மறுபடியும் கீழே ஓடுவேன். இரண்டு வாரம் போனது. ஒரு நாள் டீ குடிக்கும்போது ஜமால் சொன்னான். "ஒண்ணு கவனிச்சியா மச்சான்? எவன் சத்தமாப் பேசுறானோ அவன் பக்கம்தான் நீ சொல்ற. பத்துல எட்டு தடவை அப்பிடித்தான். நான் எண்ணிட்டேன்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். உண்மைதான். மூச்சு வாங்கும்போது என் தலைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்தச் சத்தம் ஓய வேண்டும். யார் பக்கம் சொன்னால் சத்தம் சீக்கிரம் ஓயுமோ அந்தப் பக்கம் என் கை தானாகப் போனது. நண்பர்களே, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிரேன் ஆபரேட்டர் தேவைப்பட்டான். உங்களுக்கும் இது இருக்கும். எனக்கு இல்லை என்று நினைக்கிறீர்களா? நாலு மாடி ஏறி ஓடிவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது மாதம் ஒரு மாற்றம் வந்தது. மேலே வந்து நின்றதும் மூச்சு நாலைந்து தடவையில் அடங்க ஆரம்பித்தது. அடங்கிய மூச்சில் ஒரு கேள்வி கேட்க இடம் கிடைத்தது. "கயித்துல உன் துணிய எத்தனை மணிக்குப் போட்ட?" ஒரு கேள்விதான். சத்தமாகக் கத்திய டிரைவர் தலையைச் சொறிந்தார். கயிறு வாட்ச்மேனுக்குப் போனது. "கலாஸ், முடிஞ்சுது!" என்று ஜமால் குதித்தான். அன்று சாயந்திரம் மேடத்துக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு மாசம் முடியும் வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை. அடுத்த கிழமையே உங்களுக்கு ஆட்டம் போடுறன்" என்றார். கிழமை என்றால் அவர் பேச்சில் வாரம்.

இனி குவைத்தில் நடந்ததற்கு வருகிறேன்.

அதற்கடுத்த வருடம், வளைகுடா அணிகள் கூடிய ஒரு வாரக் கடைசிப் போட்டி. இறுதி ஆட்டத்துக்கு என்னைத் தலைமை நடுவராகப் போட்டார்கள். மேற்பார்வைக்கு மேடமும் வந்திருந்தார். சனிக்கிழமை மதியம். சிவப்பு அணி உள்ளூர் அணி. வெள்ளை அணி துபாயில் வேலை பார்க்கும் பல நாட்டுக்காரர்கள். குவைத்தின் தெற்கே ஃபஹாஹீலில் இருந்தெல்லாம் நம் ஆட்கள் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நெற்றியில் கர்ச்சீஃப் கட்டிய சின்னப் பிள்ளைகள், டிரம், ஊதுகுழல்! ஆட்டம் மூன்றுக்கு மூன்று. மூன்று நிமிடம் பாக்கி. என் கால்கள் பாடிக்கொண்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஆட்டத்திலும் ஓடியதில்லை.

வெள்ளை அணி முன்னேறுகிறது. நான் நடுக்கோட்டருகே வருகிறேன். திடீரென்று சிவப்பு அணிக்காரன் பக்கைப் பறித்துவிட்டான். நாலைந்து பேர் மோதி விழுந்தார்கள். சிவப்பில் இரண்டு பேர் மட்டும் குவியலிலிருந்து பிய்த்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறார்கள். அவர்களுக்கும் கோலுக்கும் இடையில் கோல்கீப்பர் மட்டும். அரங்கம் எழுந்து நின்றது. நான் பின்னோக்கி ஓட ஆரம்பித்தேன், தலை நிமிர்ந்து, மொத்த ரிங்கும் கண்முன்னே.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஓடி வரும் இருவருக்கும் பின்னால், தூரத்தில், விழுந்தவர்களில் ஒருவர் எழவில்லை. வெள்ளை அணித் தடுப்பாட்டக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மண்டியிட்டு உட்கார்ந்து இடது மணிக்கட்டை வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஐஸில் சிவப்பு. சிந்தியது போல இல்லை, பரவிக்கொண்டிருந்தது.

விசில் ஊதினேன்.

அதே கணம் சிவப்பு அணிக்காரன் அடித்தான். பக் வலைக்குள் போனது. கோல் விளக்கு எரிந்தது. அரங்கம் வெடித்தது. டிரம் முழங்குகிறது, அணியே பெஞ்சிலிருந்து குதிக்கிறது. நான் இரண்டு கையையும் விரித்து நிற்கிறேன். கோல் இல்லை. விசில் முதலில்.

சிவப்பு அணித் தலைவர் என் முகத்துக்கு முகம் வந்து நின்றார். "லேஷ்? லேஷ் விசில்?" ஏன், ஏன் என்று அவர் எச்சில் தெறிக்கக் கத்துகிறார். பதில் சொல்ல நேரமில்லை. கையால் பின்னால் காட்டிவிட்டு ஓரக் கதவை நோக்கிப் பாய்ந்தேன். அங்கே மருத்துவ டூட்டியில் இருந்த நர்ஸ், நாகர்கோவில் பக்கத்து அக்கா, பையோடு நிற்கிறார். காலில் கேன்வாஸ் ஷூ. ஐஸில் ஒரு அடி வைத்ததும் வழுக்கினார்.

"எக்கா, என் சட்டையப் பிடிச்சுக்கங்க!"

"நான் விழுந்துருவேன் பாத்துக்கங்க!"

"விழ விடமாட்டேன்!"

அவர் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னோக்கி அவரை இழுத்துக்கொண்டு ரிங்கின் பாதி நீளத்தைக் கடந்தேன். அடிபட்டவர் மேல் மோதாமல் நிற்க ஒரே ஒரு பக்கம்தான் இடம் இருந்தது, இடது பக்கம். நின்றேன். அக்கா அப்படியே மண்டியிட்டுக் கையைப் பிடித்துவிட்டார். "கைய மேல தூக்குங்க! மேல! விடாதீங்க!" என்று தமிழிலேயே கத்தினார். அந்த வாத்தியாருக்கு எப்படிப் புரிந்ததோ, தூக்கினார். யாரோ ஒருவருடைய ஸ்கேட் அவர் கையுறைக்கும் சட்டைக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் ஏறிப் போயிருந்தது. ரத்தக் குழாய் வெட்டுப்பட்டிருந்தது. பின்னாலேயே வந்த சிவப்பு அணித் தலைவர் அதைப் பார்த்தார். வாய் மூடியது. தன் கழுத்துத் துண்டை உருவி அக்காவிடம் நீட்டினார்.

ஆம்புலன்ஸ் போனது. ஐஸைச் சுத்தம் செய்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. யாரும் கோல் போடவில்லை. சமநிலையைத் தீர்க்க வைக்கும் தனித்தனி அடிகளில் சிவப்பு அணி தோற்றது. உள்ளூர்க் கோப்பை, உள்ளூர் ஜனம், நான் செல்லாது என்று சொன்ன ஒரு கோல். தலைவர் வந்து கை கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, ஆபத்தில்லை, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சிக்கல் என்று டாக்டர் சொன்னாராம். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். துபாயில் இருந்து ஜமால் ஃபோனில் கத்தினான். நான் ஆகாயத்தில் இருந்தேன். மேடம் வந்து பக்கத்தில் நின்றார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல முடிவு அண்ணா. சரியான முடிவு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விசில் ரெண்டு செக்கண்ட் பிந்தீட்டுது, என்ன?" என்றார்.

நான் குனிந்து என் பையின் ஜிப்பை மூடினேன்.

"நீங்கள் அவரைக் கண்டதை நான் கண்டனான். பிறகு ஒருக்கா தோளுக்கு மேலால கோலைத் திரும்பிப் பாத்தீங்கள். அதுக்குப் பிறகுதான் விசில் வாய்க்குப் போனது."

அவர் பார்த்தது உண்மை. அந்த இரண்டு நொடியில் என் தலைக்குள் ஓடியதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு, இந்தச் சிவப்புச் சட்டைக்காரன் சீக்கிரம் அடித்துவிட்டால் நல்லது, கோல் விழட்டும், விழுந்த கையோடு ஊதிவிடலாம், யாரும் என்னைத் திட்டமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். படியேறிப் பழகிய மூச்சு, நிமிர்ந்த தலை, எல்லாம் சரியாக இருந்தும் அந்த நினைப்பு வந்தது. நல்லவேளை, அவன் அடிக்காமல் இன்னொரு எட்டு ஓடினான். அந்த ஒரு எட்டில் எனக்கே என்னைப் பொறுக்கவில்லை. ஊதிவிட்டேன்.

முன்பு போல மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் அது எனக்கு நினைப்பாகக்கூடத் தெரிந்திருக்காது. கை தானாக அதைச் செய்து முடித்திருக்கும். உடம்பைத் தேற்றினால் உங்களுக்குத் தைரியம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கோழைத்தனம் வரும்போது அதைக் கண்ணால் பார்க்க ஒரு நொடி மிச்சம் கிடைக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை படி ஏறியதும், இத்தனை தடவை விழுந்ததும்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கணக்கு வாத்தியார் எங்கள் ரிங்குக்கு வந்தார். நான் சில்லர் ரூமிலிருந்து கிரீஸ் கையோடு மேலே ஓடினேன். மணிக்கட்டில் நீளத் தழும்பு. இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் இருக்கிறேன் என்றார். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. இரண்டு நொடி பிந்தி ஊதினேன், ஏன் பிந்தியது என்பதையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

சிரித்துத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கணக்குப் போடுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அடுத்த தடவை சீக்கிரம் ஊதுங்கள்."

என் கையை விடாமலேயே சொன்னார். மறுநாள் விடியற்காலை நான் மறுபடியும் படியேற ஆரம்பித்தேன்.